சென்னை வீட்டில் மெய்ன் கூன்: தினமும் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி இதுதான்: மெய்ன் கூன் என்ற நீளமுடி இனத்து ஆண் பூனை, ஏழு மாதம், இப்போதே ஐந்து கிலோ. சென்னையில் மூன்றாவது மாடி வீடு. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள், பகலில் அத்தை மட்டும்தான் வீட்டில். வாராவாரம் குளிப்பாட்டியும் வயிற்றில் சடை விழுகிறது. வெயில் காலத்துக்கு மொட்டை அடித்துவிடலாமா? அத்தை வைக்கும் தயிர்சாதம் சரிதானா? தினமும் கட்டாயம் செய்ய வேண்டியது என்னென்ன?

மொட்டை வேண்டாம். வாராவாரம் குளியலும் வேண்டாம். சடைக்குப் பாதிக் காரணம் அந்தக் குளியலாகவே இருக்கும். தயிர்சாதத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். தினமும் கட்டாயம் என்று ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால், சீப்பு என்பேன். பத்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாருவதைவிட இந்தப் பத்து நிமிடம் பல மடங்கு மேல்.

காரணம் சொல்கிறேன். நீளமுடிப் பூனையின் முடி உள்ளே இருப்பதை மறைக்கும், வெளியே இருப்பதை அள்ளிக்கொண்டு வரும். நம் தெருப்பூனை இளைத்தால் விலா எலும்பு சீக்கிரமே கண்ணில் படும். மெய்ன் கூன் முக்கால் கிலோ இளைத்தாலும் பார்வைக்கு அதே குண்டுப் பூனைதான். கழுத்தில் உண்ணி, தொடையிடுக்கில் புண், வயிற்றில் படர்தாமரை எதுவானாலும் கையை முடிக்குள் விட்டால்தான் தெரியும். அதே முடி தரையில் துடைத்த பினாயிலையும் பூங்கொத்தின் மகரந்தத்தையும் பூனை மலஜலம் கழிக்கும் லிட்டர் பெட்டியின் ஈரத்தையும் ஒட்டிக்கொண்டு வரும், பூனை அதையெல்லாம் நக்கி விழுங்கும். நான் கீழே சொல்லப்போகும் வேலைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்து வருபவைதான்.

மெய்ன் கூன் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மெய்ன் மாநிலத்துப் பூனை. பண்ணைகளில் எலி பிடித்துக்கொண்டு, பனியில் நடந்து பழகிய இனம். 1895-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த பூனைக் கண்காட்சியில் முதலிடம் பிடித்தது கோசி என்ற மெய்ன் கூன். 1985-ல் அந்த மாநிலம் இதைத் தன் அதிகாரப்பூர்வப் பூனையாகவே அறிவித்தது. ஆண் பூனை சாதாரணமாக ஆறிலிருந்து எட்டு கிலோ வரை போகும், சில அதற்கு மேலும். முழு வளர்ச்சிக்கு மூன்றிலிருந்து ஐந்து வருடம் ஆகும் என்பதால் உங்கள் பையன் இன்னும் பள்ளிக்கூடம் சேராதவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முடி உடல் முழுவதும் ஒரே நீளத்தில் இருக்காது. தோளில் குட்டை, கழுத்தைச் சுற்றிப் பிடரி, வயிற்றிலும் பின்தொடையிலும் நல்ல நீளம். பாரசீகப் பூனையோடு ஒப்பிட்டால் அடிமுடி அடர்த்தி குறைவு, முகமும் சப்பையாக இல்லை. தினமும் கண்ணீர் துடைக்கும் வேலை மிச்சம்.

சீப்பு விஷயத்துக்கு வருவோம். வாங்க வேண்டியது ஸ்டீல் சீப்பு. ஒரு பாதியில் பல் அகலமாகவும் மறு பாதியில் நெருக்கமாகவும் இருக்கும், பல்லின் நுனி உருண்டையாக இருக்க வேண்டும். செல்லப்பிராணிக் கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது வளைந்த கம்பிகள் வைத்த பிரஷ்ஷாகத்தான் இருக்கும். அது மேல்முடியைப் பளபளப்பாக்கும், அடியில் முடி கம்பளிபோல் இறுகிக்கொண்டே போவது தெரியவே தெரியாது. "தினமும் பிரஷ் பண்றோம், அப்படியும் சடை" என்பவர்கள் பெரும்பாலும் இந்த பிரஷ்காரர்கள்தான். அதைத் தூக்கிப் போட வேண்டாம், கடைசியில் மேலாக ஓட்டிக்கொள்ளலாம். உதிர்முடியை வழித்தெடுக்கும் பிளேடு வைத்த கருவி ஒன்று விற்கிறார்கள். அது நல்ல முடியையும் வெட்டிவிடும், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வீட்டில் பேன் சீப்பு இருந்தால் ஒன்றைப் பூனைக்கென்று ஒதுக்கிவிடுங்கள். தாடைக்கும் காதுக்குப் பின்னாலும் அதைவிட நல்ல கருவி கிடையாது, தெள்ளுப்பூச்சி இருந்தாலும் அதில் சிக்கும்.

வாரும் நேரம் முக்கியம். சாப்பிட்டு முடித்து, விளையாடிக் களைத்து, கண் சொருகும் நேரமாகப் பாருங்கள். கன்னம், தாடை, கழுத்து என்று அவனுக்குப் பிடித்த இடத்தில் ஆரம்பித்து முதுகுக்குப் போங்கள். பிறகு அக்குள், வயிறு, பின்தொடை, கடைசியில் வால். விரலால் வகிடு எடுத்து, தோல் தெரிகிற மாதிரி ஒவ்வொரு வரிசையாக முடி வளரும் திசையில் வாருங்கள். சீப்பு தடுக்கினால் இழுக்கக் கூடாது. அந்த முடியின் அடியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து பிரித்துவாருங்கள், அப்போது இழுப்பு தோலுக்குப் போகாது. ஏசி அறையில் முடி காய்ந்து பறந்தால் தண்ணீரை லேசாகப் பனிபோல் தெளித்துக்கொள்ளலாம்.

வால் நுனி படபடவென்று அடிக்க ஆரம்பித்தால், முதுகுத் தோல் சுருண்டால், காது பின்னால் சாய்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். கடிக்கும்வரை போகாதீர்கள். கடித்த பிறகு நிறுத்தினால் "கடித்தால் நிறுத்துவார்கள்" என்று கற்றுக்கொள்வான். வயிற்றை ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டமும் இல்லை. இன்று இடது பக்கம், நாளை வலது பக்கம். ஒவ்வொரு முறையும் முடித்ததும் ஒரு சின்னக் கோழித்துண்டு. ஏழு மாதம் இதற்குச் சரியான வயது. குட்டிமுடி போய்ப் பெரிய பூனையின் முடி வரும் காலம் இது, சிக்கு அதிகம் விழுவதும் இப்போதுதான். எட்டு கிலோ ஆன பிறகு பிடிவாதம் பிடித்தால் இரண்டு ஆள் வேண்டும்.

பகலில் அத்தைதானே அவனோடு இருக்கிறார்? சீப்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள் என்பது என் யோசனை. பேத்திக்குத் தலை வாரிப் பின்னிய கைக்குச் சிக்கெடுக்கும் பொறுமை நம்மைவிட அதிகம். அவன் முடி சாம்பாரில் விழுகிறது என்று வீட்டில் புகார் இருந்தால் அதுவும் பாதி குறையும், ஏனென்றால் சீப்பில் வந்த முடி சோபாவுக்கு வராது.

ஏற்கெனவே விழுந்திருக்கும் சடைக்கு: சிறியதாக இருந்தால் சமையலறைச் சோள மாவைக் கொஞ்சம் தூவி, விரலால் இரண்டாகப் பிரித்து, பிறகு சீப்பின் ஓரப் பல்லால் நுனியிலிருந்து எடுங்கள். கத்தரிக்கோலைத் தொடவே கூடாது. பூனைத் தோல் மெல்லியது. சடையை இழுத்துப் பிடிக்கும்போது தோலும் கூடாரம்போல எழும்பி வரும், முடி என்று நினைத்து வெட்டுவது தோலாக இருக்கும். நீளமுடிப் பூனைகளை மருத்துவரிடம் தையலுக்குக் கொண்டுவருவதில் இது சகஜமான காரணம். தோலோடு ஒட்டி இறுகிவிட்டால் ட்ரிம்மரால்தான் எடுக்க வேண்டும். கால்நடை மருத்துவரிடமோ பூனைக்கு முடி வெட்டி வாரிவிடும் அனுபவமுள்ள க்ரூமரிடமோ கொடுங்கள். அப்படியே விட்டால் அவன் நடக்கும் ஒவ்வொரு அடியிலும் தோல் இழுபடும், அடியில் ஈரம் தங்கிப் புண்ணாகும். நம் ஊர் ஈக்கள் இருக்கும் நிலைமையில் மூடிய புண்ணில் புழு வைக்க நாளாகாது.

குளியலைப் பற்றி. பூனை தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். முடி பிசுபிசுத்தாலோ, பின்பக்கம் அசிங்கமானாலோ, எண்ணெய் மாதிரி எதிலாவது உருண்டாலோ குளிப்பாட்டலாம், இல்லாவிட்டால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாராளம். சிக்கை எடுக்காமல் தண்ணீர் ஊற்றினால் சிக்கு கல்லாக இறுகும். உங்கள் வீட்டில் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். ஆக, முதலில் முழுசாக வாரிவிட்டு வெதுவெதுப்பான தண்ணீர், பூனைக்கான ஷாம்பு. சீயக்காய் வேண்டாம், கண் எரியும். நம் சோப்பும் வேண்டாம். துண்டால் ஒற்றி எடுத்து, டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, அடிமுடி தோல்வரை காய்ந்ததா என்று விரல் விட்டுப் பாருங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் அரைகுறையாகக் காய்ந்த நீளமுடிப் பூனை, பூஞ்சைக்குப் பந்தி விரித்த மாதிரி.

படர்தாமரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பூனைகளில் அதை வரவழைக்கும் பூஞ்சை மனிதருக்கும் ஒட்டும், குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் சீக்கிரம் ஒட்டும். முடி கொட்டி வட்டமாகச் செதில் தெரிந்தாலோ, வீட்டில் யாருக்காவது கையில் வட்டத் தடிப்பு வந்தாலோ, மருந்துக்கடையில் ஏதோ ஒரு களிம்பு வாங்கிப் பூசாதீர்கள். பூனை அதை நக்கும். டாக்டரிடம் காட்டி, பூனைக்கும் மனிதருக்கும் சேர்த்து வைத்தியம் செய்துகொண்டு, படுக்கை துணிகளையும் துவைத்தால்தான் போகும். இல்லாவிட்டால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஆசனவாயைச் சுற்றியுள்ள முடியையும் பின்தொடையின் உட்பக்க முடியையும் ட்ரிம்மரால் குட்டையாக வைத்துக்கொள்ளலாம், அதில் தப்பில்லை. பாதத்தின் அடியில் விரலிடுக்கில் நீளும் குஞ்சமும் அப்படித்தான். மெய்னில் அது பனியில் கால் புதையாமல் காப்பாற்றியது, இங்கே டைல்ஸில் வழுக்குகிறது, லிட்டரை வீடு முழுக்க விதைக்கிறது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நகம் வெட்டும்போது அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நகத்தின் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது உயிருள்ள பகுதி, அதற்கு வெளியே உள்ள கூர்முனையை மட்டும் வெட்ட வேண்டும்.

இப்போது தரை. கரும் பினாயிலில் உள்ள பீனால் வகைகளை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகவும் குறைவு. நாயோ நாமோ சமாளிக்கும் அளவு பூனைக்கு விஷம். நீளமுடிப் பூனை ஈரத்தரையில் படுத்து எழுந்தால் வயிறு முழுவதும் அதைத் துடைத்துக்கொண்டு வரும், பிறகு நக்கும். வெறும் தண்ணீரோ லேசான சோப்புத் தண்ணீரோ போதும். வேறு எதைப் போட்டாலும் காயும்வரை அவனை வேறு அறையில் வையுங்கள். நீலகிரித் தைலம், கற்பூரம், சளிக்குத் தடவும் தைலங்கள் எல்லாம் இதே கணக்கு. அத்தை முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு அவனை மடியில் வைத்துக்கொள்வது வேண்டாம். பாராசிட்டமால் பூனைக்கு எந்த அளவிலும் கூடாது, ஒரே மாத்திரை கொல்லக்கூடும். நாய்க்கான உண்ணி மருந்துச் சொட்டுகளில் பெர்மெத்ரின் இருந்தால் அதுவும் அப்படியே. "சின்ன நாய்க்கு உரியதுதானே" என்று கடையில் எடுத்துக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள்.

இன்னொன்று லில்லிப் பூ. பிறந்தநாள் பூங்கொத்துகளில் இப்போது லில்லி இல்லாமல் வருவதில்லை. இலை, பூ, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தை ஒன்றிரண்டு நாளில் முடக்கிவிடும். தின்ன வேண்டும் என்பதுகூட இல்லை. மேசைமேல் உரசிக்கொண்டு போனால் பிடரியில் மகரந்தம் ஒட்டும், மீதியை நாக்கு பார்த்துக்கொள்ளும். பூனை உள்ள வீட்டுக்குள் லில்லி வரவே கூடாது. தொட்டியில் செங்காந்தள் இருந்தால் அதையும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள், அது வேறு வகை விஷம்.

வெயிலுக்கு மொட்டை ஏன் வேண்டாம் என்கிறேன்? பூனைக்கு வேர்ப்பது பாதத்தில் மட்டும், அதுவும் கொஞ்சம்தான். முடியை நக்கி, அந்த எச்சில் காய்வதில்தான் உடம்பு குளிரும். உதிர்முடியும் சிக்கும் இல்லாமல் வாரிய முடிக்குள் காற்று போய்வரும். மழித்த தோலுக்கு ஜன்னல் வெயிலும் கொசுவும் நேராக இறங்கும். திரும்ப முளைக்கப் பல மாதம் ஆகும், சில பூனைகளுக்குத் திட்டுத்திட்டாக முளைக்கும். உடம்பு முழுவதும் சடை பிடித்துப்போன பூனைக்கு மழிப்பதே வைத்தியம், அது வேறு கதை. வயிற்றுப் பக்கம் மட்டும் குட்டையாக்குவதையும் நான் எதிர்ப்பதில்லை. ஈரமான துணியால் முதுகைத் தடவிவிட்டு மின்விசிறிக்குக் கீழே விடுவது நல்ல பலன் தரும்.

சித்திரை வைகாசியில் மதியம் ஏசி 26-ல் ஓடட்டும். மின்சாரம் போனால் குளியலறைத் தரையாவது திறந்திருக்கட்டும். பூனை நாய்போல் வாயைத் திறந்து இரைப்பது இயல்பு இல்லை. எச்சில் ஒழுகி, ஈறு சிவந்து, தள்ளாடினால் வெயில் தாக்கிவிட்டது. பூனையின் சாதாரண உடல்வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், 40-ஐத் தாண்டினால் ஆபத்து. உடம்பைத் தண்ணீரால் நனைத்து, விசிறிக் காற்று கொடுத்து, உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றக் கூடாது. சென்னையில் மே மாத மதியம் மாடித்தொட்டிக் குழாயைத் திறந்தால் வருவது வெந்நீர், ஆகவே குடத்திலோ பானையிலோ இருக்கும் தண்ணீரை எடுங்கள்.

சரி, தயிர்சாதம். இரண்டு வாய் தின்றால் செத்துவிட மாட்டான். பிரச்சினை, அது வயிற்றை அடைத்துக்கொண்டு கறிக்கு இடம் விடாது. பூனை கறி தின்றே ஆக வேண்டிய பிராணி. டாரின் என்ற சத்தை அதன் உடம்பு போதுமான அளவு தயாரித்துக்கொள்ளாது, அது கறியிலும் மீனிலும்தான் கிடைக்கும். அது குறைந்தால் இதயத் தசை தளரும், பார்வை போகும். இந்த இதயத் தொடர்பு 1987-ல் கண்டறியப்பட்ட பிறகுதான் பூனைத் தீனிகளில் டாரினைக் கூட்டினார்கள். பால் வேண்டவே வேண்டாம். வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பால்சர்க்கரை செரிக்காது, பேதியாகும். நீளமுடிப் பூனைக்குப் பேதி என்றால் பின்தொடை முழுவதும் அப்பிக்கொள்ளும், அன்றைக்கு உங்கள் வீட்டில் எல்லோருக்கும் வேலை இருக்கும்.

முழுச்சத்துத் தீனி என்று போட்டிருக்கும் குட்டித் தீனியை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற பூனைகளுக்கு ஒரு வயதில் நிறுத்துவார்கள், இந்த இனம் மெதுவாக வளர்வதால் இன்னும் சில மாதம் தொடரலாம். ராயல் கேனின் மெய்ன் கூனுக்கென்று விற்கும் குட்டித் தீனி 15 மாதம் வரைக்கானது. வேகவைத்த கோழி, உப்பும் மசாலாவும் இல்லாமல், சேர்த்துக் கொடுக்கலாம். அதுவே முழுச் சாப்பாடு ஆகிவிடக் கூடாது, எலும்பில்லாத கறியில் கால்சியம் போதாது. வெங்காயம், பூண்டு போட்ட குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய துண்டும் கூடாது, அவை பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும். தினமும் மத்தி மீன் மட்டுமே என்று பழக்கினால் வைட்டமின் ஈ குறைந்து உடல் கொழுப்பு அழற்சி கொள்ளும். வாரத்தில் ஓரிரு நாள் போதும்.

தண்ணீர்தான் பலர் கோட்டைவிடும் இடம். கிலோவுக்குச் சுமார் 50 மில்லி கணக்கில், ஐந்து கிலோ பூனைக்கு உணவில் உள்ளதையும் சேர்த்து 250 மில்லி வேண்டும். உலர் தீனியில் ஈரம் பத்து சதவீதம் அளவுதான், சிறு பையில் குழம்போடு வரும் கிரேவி பவுச்சில் முக்கால் பங்குக்கு மேல். ஒரு வேளையாவது ஈரத் தீனியாக இருக்கட்டும். தண்ணீர்க் கிண்ணம் அகலமான பீங்கான் அல்லது ஸ்டீல், எளிதில் கவிழாத கனத்தில். மெய்ன் கூனுக்குத் தண்ணீரில் கை விட்டு விளையாடும் பழக்கம் உண்டு. பிடரி நனைந்தால் துடைத்துவிடுங்கள், அங்கேதான் அடுத்த சடை.

முடியுருண்டை வாந்தியைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் வரும். நாக்கில் உள்ள முள் எல்லாம் பின்னோக்கி வளைந்தவை. சிக்கிய முடியைத் துப்ப வழியில்லை, விழுங்கத்தான் வேண்டும். எப்போதாவது ஒன்று வந்தால் பயப்பட வேண்டாம். அடிக்கடி வாந்தி, சாப்பாடு குறைவு, மலம் வராமை என்று சேர்ந்தால் காட்டிவிடுங்கள். மற்றபடி இதற்கும் சீப்புதான் மருந்து.

லிட்டர் பெட்டி பெரிதாக வேண்டும். மூக்கிலிருந்து வால் தொடக்கம் வரையுள்ள நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு. கடையில் பூனைப்பெட்டி என்று விற்பவற்றில் பாதி இவனுக்கு இன்னும் ஆறு மாதத்தில் பத்தாது. துணி போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு பக்கத்தை மட்டும் தாழ்வாக வெட்டிக்கொண்டால் மலிவாக முடியும். மூடி போட்டது வேண்டாம், வாடை உள்ளேயே தங்கும். ஒரு பூனைக்கும் இரண்டு பெட்டி வைப்பது நல்லது. காலையும் மாலையும் அள்ளிவிடுங்கள். அள்ளும்போதே கட்டிகளைப் பாருங்கள். ஆண் பூனை பெட்டிக்குத் திரும்பத் திரும்பப் போய் முக்கி, ஒரு சொட்டும் வராமல் கத்தினால் சிறுநீர் அடைப்பு. காலையில் பார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாத விஷயம் அது, ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும்.

விளையாட்டுக்குக் காலையிலும் இரவிலும் பத்துப் பதினைந்து நிமிடம், குச்சியில் கட்டிய இறகைத் துரத்த விடுங்கள். பிறாண்டும் கம்பம் அவன் முழு நீளத்துக்கு நிமிர்ந்து நிற்கும் உயரத்தில், குறைந்தது மூன்றடி, அடிப்பாகம் கனமாக இருக்க வேண்டும். ஆடும் கம்பத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு சோபாவுக்குப் போய்விடுவான். கம்பத்தில் தேங்காய்நார்க் கயிறு இறுக்கிச் சுற்றினாலே போதும். மூன்றாவது மாடி என்பதால் பால்கனியை இந்த வாரமே கவனியுங்கள். வெல்க்ரோவில் ஒட்டிய கொசுவலை ஐந்து கிலோ பூனை பாய்ந்தால் நிற்காது, புறாவுக்குக் கட்டும் நைலான் வலையை உட்கார்ந்து கடித்தே அறுப்பான். ஸ்டீல் வலை போடுங்கள்.

வீட்டு முடிக்கு ரப்பர் கையுறையை லேசாக நனைத்து சோபாவைத் தடவினால் உருண்டு வரும். ஏசி வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள்.

மாதம் ஒருமுறை அவனைத் தூக்கிக்கொண்டு எடை பாருங்கள், பிறகு உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கும் இன்னொரு கை பின்பக்கத்துக்கும். பிடரியைப் பிடித்துத் தூக்கும் பழக்கம் இந்தக் கனத்துக்கு ஒத்துவராது. பல்லுக்குப் பூனைக்கான பேஸ்ட், முடிந்தால் தினமும், முடியாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள். நம் பேஸ்ட் கூடாது.

இந்த இனத்துக்கு இதயத் தசை தடிக்கும் நோய் பரம்பரையாக வரும். அதற்கான ஒரு மரபணு மாற்றத்தை 2005-ல் மெய்ன் கூன்களில் அடையாளம் கண்டார்கள். பூனையை விற்றவரிடம் தாய் தந்தையின் பரிசோதனைத் தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது. மரபணுப் பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும் நோய் வராது என்று அர்த்தமில்லை, இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோதான் தெளிவாகச் சொல்லும். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது, ஆழ்ந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது. நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். தொடர்ந்து அதற்கு மேல் போனால் டாக்டரைப் பாருங்கள். திடீரென்று கத்திக்கொண்டு பின்னங்கால் இழுத்து, பாதம் சில்லிட்டிருந்தால் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம், அந்த நிமிடமே கிளம்ப வேண்டும்.

கருத்தடை இன்னும் செய்யவில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள். செய்யாத ஆண் பூனைக்கு வால் தொடங்கும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு சுரந்து அங்கேயும் சடை விழும், சுவரில் சிறுநீர் பீய்ச்சவும் ஆரம்பிப்பான். தடுப்பூசி அட்டையில் முத்தடுப்பு ஊசியும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளியே போகாத பூனைக்கும் இரண்டும் வேண்டும். பக்கத்தில் நல்ல டாக்டர் அமையாவிட்டால் வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போங்கள்.

பூனைக்கூடை இவனுக்குச் சிறிது. நடுத்தர நாய்க்கான கெட்டிப் பெட்டி வாங்கி, கதவைக் கழற்றி, உள்ளே பழைய துண்டு போட்டுக் கூடத்தில் ஒரு மூலையில் வைத்துவிடுங்கள். தினமும் ஒரு கோழித்துண்டு அதற்குள் கிடைக்கட்டும். மருத்துவமனைக்குப் போகும் அன்றைக்கு மட்டும் பரணிலிருந்து பெட்டியை இறக்கினால் அவன் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். அங்கிருந்து ஒரு மெய்ன் கூனை வெளியே எடுக்க வேண்டுமென்றால் கட்டிலைத்தான் நகர்த்த வேண்டும்.